வாழும் தமிழுக்கு இலக்கணம் எழுதிய கல்முனைக்குடிக்காரர்

கல்முனை நகரைத் தாண்டி அக்கரைப்பற்று வீதியில் தெற்கே போனால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரும். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. சில கிலோமீற்றர் நீளமுள்ள இந்தக் கரையோரம் தமிழ்க் கல்வி உலகுக்கு இரண்டு பெரும் பேராசிரியர்களைத் தந்திருக்கிறது. ஒருவர் 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். மற்றவர் 1944இல் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான்.

விபுலாநந்தரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இலும் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943இலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். சிறுவயதில் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர். ‘யாழ் நூல்’ வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தபோது நுஃமான் மூன்று வயதும் நிரம்பாத குழந்தை. பின்னாளில் அந்தக் குழந்தை, காரைதீவுக்காரர் தமிழ் கற்பித்த அதே சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றது. ஊரில் விபுலாநந்தருக்குச் சிலையும் விழாவும் உண்டு. நுஃமானின் பெயரும் கவிதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆசிரியராக, ஆய்வாளராக, இளையவர்களை வளர்த்தெடுத்தவராக அவர் செய்த வேலையின் அளவு எங்கள் பகுதிப் பாடசாலைகளில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

முதலில் அவர் வளர்ந்த காலம். 1940களில் வந்த இலவசக் கல்வியும் அதைத் தொடர்ந்து வந்த தாய்மொழிவழிக் கல்வியும் கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களைப் போல வேறெந்த இடத்தையும் மாற்றியிருக்குமா என்று சந்தேகப்படுகிறேன். அதற்கு முன் இந்த ஊர்களில் பிள்ளைகள் குர்ஆன் ஓதினார்கள், ஓரளவு எழுதப் படிக்கக் கற்றார்கள், பிறகு வயலுக்கோ கடலுக்கோ கடைக்கோ போனார்கள். மருதமுனையில் தறிக்குப் போனார்கள். ஆங்கிலம் படித்து உத்தியோகம் பார்ப்பது சில குடும்பங்களுக்கு மட்டுமே கிடைத்த வாய்ப்பு. தமிழில் படித்தே மேலே போகலாம் என்று ஆனதும் கதவு திறந்தது. ஆசிரியத் தொழில் அந்தக் கதவின் வழியாக வந்த முதல் பெரிய வாய்ப்பு. அட்டாளைச்சேனையில் பயிற்சிக் கலாசாலை இருந்தது. ‘வாத்தியார்’ என்றால் ஊரில் தனி மரியாதை. 1960களில் இப்பகுதியில் எழுதத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களாக இருந்தது தற்செயல் அல்ல. நுஃமானும் பள்ளிக்கூட ஆசிரியராகத்தான் தொடங்கினார். பேராசிரியர் ஆன பிறகும் பள்ளிக்கூடத்தை மறக்காதவர் என்பதற்கு அவர் எழுதிய நூல்களே சான்று. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கல்முனைக்கு வடக்கே பெரியநீலாவணையில் இன்னோர் ஆசிரியர் இருந்தார். கவிஞர் நீலாவணன். அவரைச் சுற்றித்தான் கல்முனைப் பகுதியின் இலக்கியக் கூட்டம் திரண்டது. தமிழர், முஸ்லிம் என்ற பிரிவு அந்தக் கூட்டத்தில் இல்லை. மருதமுனையிலிருந்து மருதூர்க்கொத்தன் வந்தார். பாண்டிருப்பிலிருந்து சண்முகம் சிவலிங்கம் வந்தார். கல்முனைக்குடியிலிருந்து இளைஞர் நுஃமான் வந்தார். கவிதையை வாசித்துக் காட்டுவதும், சீர் பிசகினால் முகத்துக்கு நேரே சொல்வதும், விடியும்வரை வாதிடுவதுமாக நடந்த சபைகள் அவை. பல்கலைக்கழகம் தராத பயிற்சியை இப்படிப்பட்ட கூட்டங்கள் தருகின்றன. நீலாவணன் 1975இல், நாற்பத்து நான்கு வயதுகூட நிரம்பாமல் இறந்தார். அவருடைய ‘வழி’, ‘வேளாண்மை’ இரண்டும் அவர் கண்மூடிய பிறகே நூலாயின.

நுஃமான் தன்னுடைய கவிதையோடு நின்றுவிடவில்லை. 1969இல் கல்முனையிலிருந்து ‘கவிஞன்’ என்ற கவிதைக்கான இதழைக் கொண்டுவந்தார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டும்தான் இலக்கிய இதழ் நடத்த முடியும் என்று நம்பப்பட்ட காலத்தில், அம்பாறைக் கரையோரத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து கவிதைக்கென்றே ஒரு காலாண்டிதழ். இதழ் நீண்டநாள் ஓடவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து எழுந்த ‘வாசகர் சங்கம்’ என்ற வெளியீட்டு முயற்சி ஈழத்து இலக்கியத்தில் அழிக்க முடியாத தடத்தைப் பதித்தது. மஹாகவியின் ‘கோடை’, ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’, ‘வீடும் வெளியும்’ ஆகியவை இந்தக் கல்முனை வெளியீடுகளாகவே அச்சேறின.

இதில் நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மஹாகவி என்ற து. உருத்திரமூர்த்தி யாழ்ப்பாணம் அளவெட்டிக்காரர். தன் காலத்துப் பெரிய கவிஞர். ஆனால் அன்று செல்வாக்கோடு இருந்த முற்போக்கு விமர்சகர்கள் அவருக்கு உரிய இடம் தரவில்லை என்பது பலருடைய மனக்குறை. யாழ்ப்பாணத்துக் கவிஞரின் நூல்களைப் பதிப்பிக்கக் கல்முனைக்குடியிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் முன்வந்தார். 1971இல் நாற்பத்து நான்கு வயதில் மஹாகவி இறந்த பிறகும் நுஃமான் அவரை விடவில்லை. கவிதைகளைத் தேடித் தொகுத்தார், காவியங்களைப் பதிப்பித்தார், முன்னுரைகள் எழுதினார். 2000இல் ‘ஆறு காவியங்கள்’ வந்தது வரை முப்பது ஆண்டுக் கடமை அது. இன்று மஹாகவியைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் நுஃமானின் உழைப்பின் மேல் நின்றுதான் படிக்கிறார். ஆய்வு என்றால் புதிய கோட்பாடு சொல்வது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூலநூல் கையில் இல்லாமல் கோட்பாடு எதன்மேல் நிற்கும்?

1976இல் நுஃமான் யாழ்ப்பாண வளாகத்துக்கு விரிவுரையாளராகப் போனார். திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில், 1974இல் தொடங்கிய அந்த வளாகத்தின் முதல் தலைவர் க. கைலாசபதி. பின்னர் கா. சிவத்தம்பியும் வந்து சேர்ந்தார். மொழியியலில் சு. சுசீந்திரராசா, தமிழில் அ. சண்முகதாஸ். ஈழத்துத் தமிழாய்வு அவ்வளவு செறிவாக ஓரிடத்தில் கூடியது அந்தக் காலத்தில்தான். மார்க்சியத்தில் பற்றுக்கொண்ட நுஃமானுக்கு அது இயல்பான வீடு. ஆனாலும் அவர் யாருடைய நிழலிலும் நிற்கவில்லை. மஹாகவியைப் பற்றிய தன் மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளவில்லை. 1987இல் வந்த அவருடைய ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ என்ற நூல், கருத்தை மட்டும் எடைபோட்டுக் கலையைக் கைவிடும் வரட்டுத்தனத்தை மார்க்சியத்தின் உள்ளே நின்றே கேள்வி கேட்டது. மூத்தவர்களை மதித்துக்கொண்டே அவர்களோடு மாறுபடுவது எப்படி என்பதை மாணவர்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுக்க முடியாது. நடந்து காட்டத்தான் முடியும்.

சி. மௌனகுரு, சித்திரலேகா மௌனகுரு ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ 1979இல் வந்தது. அளவில் சிறிய நூல். ஆனால் ஈழத்து நவீன இலக்கியத்தின் வரலாற்றை அறிய விரும்பும் எவரும் இன்றைக்கும் தொடங்க வேண்டிய இடம் அதுதான். பிறகு அ. யேசுராசாவுடன் இணைந்து தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ 1984இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. தமிழ்நாட்டு வாசகர்கள் பலர் ஈழத்துக் கவிதையை முதன்முதலில் ஒழுங்காக அறிந்துகொண்டது அதன் வழியாகத்தான். அந்தப் பதினொருவரில் நீலாவணன், சண்முகம் சிவலிங்கம், நுஃமான் ஆகிய மூவரும் கல்முனைக் கரையோரத்தவர்கள். நான் ஊர்ப்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு சிற்றூரில் ஓர் இதழும், ஒரு பதிப்பு முயற்சியும், முகத்துக்கு நேரே விமர்சிக்கும் ஒரு நட்பு வட்டமும் இருந்தால் எதுவரை போகலாம் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி.

1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அப்போது யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையில், அரச காவலர்கள் சிவில் உடையில் வந்து புத்தரையே சுட்டுக் கொல்கிறார்கள். நூலகத்தின் படியருகே கிடக்கும் சடலத்தை நூல்களோடு சேர்த்து எரிக்கிறார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாசிக்கப்பட்ட கவிதை அது. யாழ்ப்பாணத்தின் ஆழ்ந்த துயரத்தை ஒரு கிழக்கு முஸ்லிம் எழுதினார் என்பது, அடுத்த பத்தாண்டில் நடந்தவற்றை நினைக்கும்போது நெஞ்சை அறுக்கிறது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஆண்டோடு நுஃமானின் யாழ்ப்பாணக் காலம் முடிந்தது. 1991இலிருந்து பேராதனை.

தமிழ்த் தேசியத்தின் பெயரால் தன் சமூகத்துக்கு இழைக்கப்பட்டதை நுஃமான் மறைத்ததில்லை, வெளிப்படையாகவே கண்டித்தார். ஆனால் அந்தக் கோபம் தமிழ் மொழியின் மேல் ஒருபோதும் திரும்பவில்லை. சிங்களப் பேரினவாதத்தையும் அதே குரலில் கண்டித்தார். இந்த நேர்மை எளிதாக வந்துவிடுவதல்ல. இரண்டு பக்கத்திலும் நண்பர்களை இழக்க நேரிடும் நிலைப்பாடு அது.

பேராதனையில் அவர் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றினார். கணபதிப்பிள்ளை, வித்தியானந்தன், செல்வநாயகம் என்று பெரியவர்கள் இருந்து கற்பித்த துறை அது. ஓய்வுபெறும் வரையில் அங்கே அவர் செய்தவற்றுள் எது முக்கியம் என்று கேட்டால், ஆய்வுலகத்தினர் வேறு வேறு நூல்களைக் காட்டலாம். நான் தயங்காமல் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ என்று சொல்வேன். 1999இல் வந்தது. பிறகு தமிழ்நாட்டிலும் பதிப்பிக்கப்பட்டது.

அது ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நமது பாடசாலைகளில் இலக்கணம் என்றால் நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் அந்தக் காலத்து இலக்கிய மொழிக்கு வகுத்த நூல். அதைச் சுருக்கியும் எளிதாக்கியும் ஆறுமுக நாவலர் காலத்திலிருந்து பாடநூல்கள் வந்துகொண்டிருக்கின்றன. நன்னூல் அருமையான நூல் என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இன்று செய்தித்தாளிலும் கதையிலும் பாடப்புத்தகத்திலும் நாம் எழுதும் தமிழ், பவணந்தி கண்ட தமிழ் அல்ல. ‘வந்துகொண்டிருக்கிறான்’, ‘செய்துவிட்டாள்’, ‘எழுதப்பட்டிருக்கலாம்’ என்று ஒரு வினையோடு மற்றொன்று சேர்ந்து நுணுக்கமான பொருள் தரும் துணைவினைகள் தற்காலத் தமிழின் முதுகெலும்பு. பழைய இலக்கணத்தின் கட்டத்துக்குள் இவை அடங்குவதில்லை. மாணவர் எழுதுவது ஒரு மொழி, மனனம் செய்வது வேறொரு மொழியின் விதி. இந்தப் பிளவுதான் இலக்கணத்தைப் பிள்ளைகள் வெறுக்கும் பாடமாக்கியது. நுஃமான் தற்காலத் தமிழை எடுத்துக்கொண்டு, மொழியியல் தரும் முறையில், எழுத்து, சொல், தொடர் என்று வகுத்து, ஆசிரியரும் மாணவரும் படித்து விளங்கிக்கொள்ளும் தமிழில் எழுதினார். பழைய கலைச்சொற்களைத் தேவையான இடத்தில் வைத்துக்கொண்டார். எங்கே பழைய விளக்கம் போதாதோ அங்கே காரணம் காட்டி விலகினார்.

எங்கள் கரையோரத்து வகுப்பறையில் இது வெறும் ஏட்டு வாதம் அல்ல. ர, ல, ட, ற போன்ற எழுத்துகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா என்பது பழைய விதி. வல்லின மெய்யில் சொல் முடியாது என்பதும் பழைய விதி. சரி, கல்முனையில் ஏதாவதொரு பாடசாலையின் வரவுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். றிஸ்வி, லாபிர், ரஹீமா என்று தொடங்கும் பெயர்கள். யூசுப், லத்தீப், சாதிக் என்று முடியும் பெயர்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் பெயர்கள் விதிக்கு வெளியே நிற்கின்றன. நுஃமான் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆய்த எழுத்து குறிலுக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் வரும் என்று படிக்கிறோம், ‘எஃகு’, ‘அஃது’ போல. இந்தப் பெயரில் அது மகரத்துக்கு முன் நிற்கிறது. அறபியில் ‘ஐன்’ என்னும் தொண்டையொலிக்குத் தமிழில் எழுத்தில்லாததால், எங்கள் மக்கள் ஆய்தத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். மொழி இப்படித்தான் தன்னைத் தேவைக்கேற்ப விரித்துக்கொள்கிறது. இதை வழு என்று சொல்லும் ஆசிரியர், பிள்ளைக்கு அதன் சொந்தப் பெயரே தமிழ் இல்லை என்று சொல்லிவிடுகிறார். இது தமிழ் எழுத்தின் வளர்ச்சி என்று விளக்கும் ஆசிரியர் அதே பிள்ளையை மொழிக்குள் அழைத்துக்கொள்கிறார். இரண்டாவது ஆசிரியரை உருவாக்கும் நூல்களைத்தான் நுஃமான் எழுதினார்.

மொழித்தூய்மை வாதத்தை அவர் தொடர்ந்து விமர்சித்ததையும் இப்படியே பார்க்க வேண்டும். தமிழ் மீது அக்கறை இல்லாததால் அல்ல. பாரதியின் மொழிச் சிந்தனைகளைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். பாரதி பழந்தமிழை நேசித்தபடியே புதிய ஒலிகளுக்குத் தமிழில் வழி தேடியவன் என்பது அவருக்கு முக்கியமாகப் பட்டது. கிரந்த எழுத்தை நீக்கு, கடன்சொல்லை விலக்கு என்று பட்டியல் போடுவது எளிது. அந்தப் பட்டியலால் முதலில் வெளியே தள்ளப்படுவது யார் என்ற கேள்வியை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.

2002இல் வந்த ‘ஆரம்ப இடைநிலை வகுப்புகளில் தமிழ்மொழி கற்பித்தல்’ இதன் தொடர்ச்சி. பேராசிரியர் பதவியில் இருப்பவர்கள் ஆரம்ப வகுப்பைப் பற்றி எழுதுவது நம் நாட்டில் அபூர்வம். பள்ளிக்கூடத்தை மறக்காதவர் என்று முன்னால் சொன்னேனே, அதன் பொருள் இதுதான். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய திறன்களை வளர்ப்பது ஒன்று, இலக்கண விதியையும் இலக்கியப் பெருமையையும் மனனம் செய்விப்பது வேறொன்று. தமிழ்ப் பாடம் என்ற பெயரில் இரண்டாவதையே செய்துவருகிறோம். வீட்டில் ஒரு பேச்சு, புத்தகத்தில் ஒரு நடை என்று இரட்டை வழக்குள்ள மொழியில் இது இன்னும் பெரிய சுமை. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் ஏறக்குறைய இரண்டாவது மொழிதான். அதை உணர்ந்த ஆசிரியர் பொறுமையாக இருப்பார். உணராதவர் பிரம்பை எடுப்பார்.

அறபு பற்றிய அவருடைய ஆய்வு தனித்துப் பேசத் தக்கது. தமிழையும் அறபையும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் அவர் எழுதிய உறழ்நிலை இலக்கணம், இரண்டு மொழிகளும் அன்றாடம் உரசிக்கொள்ளும் ஊரில் பிறந்தவர் செய்ய வேண்டிய வேலை. அறபில் மூன்று மெய்கள் வேராக நிற்கும். உயிரொலிகள் இடையில் மாறி மாறிச் சொற்கள் பிறக்கும். எங்கள் ஊரில் பிள்ளைக்கும் தெரிந்த ‘கிதாபு’ம் ‘மக்தபு’ம் ஒரே வேரிலிருந்து வந்தவை. தமிழோ அடிச்சொல்லை மாற்றாமல் ஒட்டுக்குமேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டு போகும் மொழி. அறபில் ஒருமை, பன்மையோடு இருமையும் உண்டு. அறபில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். இன்றைய தமிழில் இரண்டும் அஃறிணை. தமிழ் பேசும் மாணவர் மத்ரஸாவில் அறபு படிக்கும்போது எங்கெல்லாம் தடுக்கி விழுவார் என்பதை இத்தகைய ஒப்பீடு முன்கூட்டியே காட்டிவிடும். இந்தக் கரையோரத்தில் எத்தனை மத்ரஸாக்கள், எத்தனை ஆயிரம் மாணவர்கள்! அந்த ஆய்வின் பயன் அவர்களுடைய வகுப்பறையை இன்னும் முழுதாக எட்டவில்லை என்பதே என் ஆதங்கம்.

சமூக அடையாளம் பற்றியும் அவர் எழுதினார். பொன்னம்பலம் இராமநாதன் 1880களில் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். அன்று தொடங்கிய பேச்சு இன்றும் ஓயவில்லை. முஸ்லிம்களின் தாய்மொழி அறபா, சிங்களமா, ஆங்கிலமா என்றெல்லாம் தலைநகரில் விவாதம் நடந்திருக்கிறது. கிழக்கில் எந்த உம்மாவும் தன் பிள்ளைக்கு எந்த மொழியில் தாலாட்டுவது என்று யோசித்ததில்லை. 2007இல் வெளிவந்த, இலங்கை முஸ்லிம்களின் இன அடையாளம் பற்றிய ஆங்கில நூலில் நுஃமான் இரண்டு உண்மைகளைச் சேர்த்தே பார்க்கிறார். இலங்கை முஸ்லிம்கள் தம்மை மதத்தால் அடையாளம் காண்கிறார்கள், அதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. அந்த அடையாளத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் பண்பாடு வேறுபடுகிறது, அதையும் மறுக்கக் கூடாது. ‘நாங்கள் தமிழரல்ல’ என்று ஒரு முஸ்லிம் சொல்வதும் ‘எங்கள் மொழி தமிழ்’ என்று அதே வாயால் சொல்வதும் முரண் அல்ல என்பதை விளங்கிக்கொள்ள இந்த நூல் உதவும்.

வணக்கத்தையே ‘தொழுகை’ என்றும் ‘நோன்பு’ என்றும் ‘பெருநாள்’ என்றும் தமிழில் சொல்லும் சமூகம் இது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறுகிறது. இந்தக் கரைக்கும் தமிழ்நாட்டுக் கரைக்கும் உள்ள உறவின் அடையாளம் அது. மட்டக்களப்புத் தமிழைப் பற்றி எழுதிய செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், பேச்சு வழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது இதுவே என்றார். அந்தப் பேச்சின் முஸ்லிம் கிளையில் ‘வாப்பா’வும் ‘ராத்தா’வும் ‘மௌத்து’ம் ‘கைசேத’மும் புழங்குகின்றன. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் இலங்கைத் தமிழ்ச் சொற்கள் இடம்பெற்றபோது அந்தப் பணிக்கு நுஃமானும் துணை நின்றார்.

மொழிபெயர்ப்பு அவருடைய இன்னொரு முகம். 1981இல் வந்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ நிலத்தை இழந்தவர்களின் குரலைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. பின்னர் விரிவாக்கப்பட்டு மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷைத் தமிழ் வாசகர்களிடம் சேர்த்தவர்களில் முதன்மையானவர் நுஃமான். ஈழத்தில் அடுத்த தலைமுறை எழுதிய அரசியல் கவிதையில் அந்த மொழிபெயர்ப்பின் ஓசையைக் கேட்கலாம்.

இளையவர்களை வளர்த்ததைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆய்வேட்டுக்கு மேற்பார்வையாளராகக் கையெழுத்திடுவது மட்டும் வழிகாட்டல் ஆகாது. நீலாவணன் தனக்குச் செய்ததை நுஃமான் அடுத்தவர்களுக்குச் செய்தார். கையெழுத்துப் பிரதியை வாசிப்பது, முன்னுரை எழுதுவது, எது கவிதை எது இல்லை என்று நயமாகவும் உறுதியாகவும் சொல்வது. கல்முனையின் அடுத்த தலைமுறைக் கவிஞரான சோலைக்கிளியின் படிமங்கள் பலருக்குப் புரியாமல் திகைப்பூட்டியபோது, அவற்றின் புதுமையை ஆரம்பத்திலேயே இனங்கண்டு எழுதியவர்களில் அவரும் ஒருவர். தன்னுடைய கவிதைக்கு நேர் எதிரான நடை அது. நுஃமானின் கவிதை தெளிவானது, நேராகப் பேசுவது. சோலைக்கிளியுடையது கனவைப் போல வளைந்து செல்வது. தன்னைப்போல எழுதுபவரை வளர்ப்பதில் பெரிய பெருந்தன்மை ஏதுமில்லை.

இனிச் செய்ய வேண்டியது எங்கள் கையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் வந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று எந்த ஊரும் தப்பவில்லை. போனவர்களோடு ஊரின் பழம் பேச்சும் பாட்டும் கதையும் போயின. எஞ்சியிருக்கும் மூத்தம்மாமாரும் மூத்தவாப்பாமாரும் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழும் அறபும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. நுஃமான் தொடங்கிய தமிழ்–அறபு ஒப்பாய்வைத் தொடர அதைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் இல்லை. பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை ஊர் ஊராகப் போய்ப் பேச்சைப் பதிவுசெய்து, சொற்களைத் தொகுத்து, கரையோரத் தமிழுக்கு ஒரு வழக்கு அகராதி கொண்டுவரும் வேலையை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். தமிழ் ஊர்களையும் முஸ்லிம் ஊர்களையும் பிரிக்காமல் சேர்த்தே அதைச் செய்ய வேண்டும். கல்முனையில் நிர்வாக எல்லைக்காக ஆண்டுக்கணக்கில் சண்டை பிடிக்கிறோம், மொழிக்கு அந்த எல்லை தெரியாது.

பாடசாலைத் தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘அடிப்படைத் தமிழ் இலக்கண’த்தை வாங்குங்கள். பாடசாலை நூலகத்தில் இல்லையென்றால் அதிபரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த தவணையில் இலக்கணப் பாடத்தைத் தொடங்கும்போது வரவுப் பதிவேட்டில் உள்ள பெயர்களிலிருந்தே தொடங்குங்கள்.